நாற்பத்து மூன்றாவது ஆள்

ஜனவரி 7, ஞாயிறு

கனடாவில் இந்த ஸ்காபரோ தோன்றிய காலம் தொட்டு இப்படியொரு பனி கொட்டியதில்லை. அதிலும் எங்கள் வாசலில் கொட்டியதுதான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் பாதிகூட இல்லை. தனியொருவனாக நின்று அள்ளினேன். அள்ளிக் குவித்ததன் உச்சியில் ஒரு முருகன் கோயில் கட்டி, படி வைத்து, தேர்த்திருவிழாவும் நடத்தலாம். பத்மா யன்னலைத் திறந்து, "கணுக்காலளவு பனிக்கு ஏனப்பா இவ்வளவு மூச்சு வாங்குறியள்" என்றாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அவளுக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

பின்னேரம் ஆரணி வந்தாள். இங்கே பிறந்து இங்கே பல்கலைக்கழகம் படிக்கிற பிள்ளை. வன்னியில் கடைசி யுத்தத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள், ஒருவர் தொகையை மற்றவர் நம்புவதில்லை. அதனால் மேலிருந்து கணிப்பதை விட்டுவிட்டு, ஊர் ஊராக, ஆள் ஆளாக எண்ணிப் புத்தகம் போடுவது என்று இவளும் கூட்டாளிகளும் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல வேலை. புளியந்தறை மக்கள் ஒன்றியத்தின் நிரந்தரத் தலைவர் குலவீரசிங்கத்திடம், அதாவது என்னிடம், வராமல் வேறு எங்கே போவார்கள்?

"எங்கட ஊரிலை இருநூறு பேர்" என்றேன். "குறைச்சுத்தான் சொல்லுறன்."

"பேர் தாங்கோ மாமா. பேர் இல்லாட்டி எண்ணேலாது."

பிறகு சொன்னாள், கண்டல்குடா ஊருக்குச் சோதி மாமா முதல் கிழமையே கணக்குக் கொடுத்துவிட்டாராம். நாற்பத்து மூன்று. அவருடைய ஒழுங்கைப் பார்த்துத்தான் மற்ற ஊர்க்காரரும் செய்ய வேண்டுமாம். இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் சாமி கும்பிடுகிற களை.

சோதி என் மச்சான். என் ஒரே தங்கை கௌசியின் புருஷன். எங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அந்த வாய்க்காலைக் கடந்துபோன நல்லது எதுவும் எங்கள் பக்கம் திரும்பி வந்ததில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

தைப்பொங்கல். பால் எங்கள் வீட்டில் கிழக்குப் பக்கமாகப் பொங்கி, அடுப்பை அணைத்து, கூரையில் இருந்த புகை மணியையும் அடிக்கவைத்தது. சோதி வீட்டில் பொங்கவேயில்லை என்று கேள்வி. தனி ஆள், என்னத்தைப் பொங்குவது.

கிழமை முழுக்கத் தொலைபேசி. லண்டன், பாரிஸ், சூரிச், வவுனியா, உலகத்தின் நாலு மூலைக்கும் அடித்தேன். அறுபத்து நான்கு பேர் சேர்ந்தார்கள். இருநூறு இல்லைத்தான். ஆனால் நான் இருநூறு என்று சொன்னபோது எனக்கு இருநூறாகத்தான் இருந்தது.

கௌசியின் பெயரை முதலாவதாக எழுதினேன். சபாரத்தினம் கௌசலாதேவி, பிறந்த இடம் புளியந்தறை.

ஜனவரி 21, ஞாயிறு

அறுபத்து நான்கில் ஏழு பேரை ஆரணி வெட்டிவிட்டாள்.

காரணம் நம்முடைய சனம்தான். பரமநாதன் என்று பதிவில் இருக்கிறவனை வீட்டில் குஞ்சன் என்பார்கள். பாரிஸ்காரர் பரமநாதன் செத்தான் என்றார், வவுனியாக்காரி குஞ்சன் செத்தான் என்றாள். நான் இரண்டு பேருக்கும் கண்ணீர் விட்டு இரண்டு பேரையும் எழுதினேன். ஒரே ஆள் இரண்டு தரம் செத்திருக்கிறான். வீட்டுப் பேரும் பதிவுப் பேருமாக இப்படி ஏழு பேர். ஆரணி திட்டவில்லை. "எல்லா ஊரிலையும் இந்தப் பிழை வருகுது மாமா" என்றாள்.

எல்லா ஊரிலுமா என்று கேட்டேன்.

சோதி மாமாவின் கணக்கில் மட்டும் வரவில்லையாம்.

ஜனவரி 22, திங்கள்

இரத்தச் சீனி பதின்மூன்று. டொக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். சோதியினுடையது ஐந்தரை என்று பத்மா எங்கிருந்தோ அறிந்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று கௌசியையும் வெட்டினாள்.

வெட்டவில்லை, மாற்றினாள். கல்யாணம் முடித்துப் போன பெண்களைப் பிறந்த ஊரும் எழுதுகிறது, புகுந்த ஊரும் எழுதுகிறது. ஒரு ஆள் ஒரு முறைதான். ஆகவே கடைசியாக எங்கே குடியிருந்தார்களோ அந்த ஊர்க் கணக்கு. கௌசி கண்டல்குடா. எங்களுக்கு மிச்சம் ஐம்பத்தாறு.

நான் வாதாடினேன். அவள் நீச்சல் படித்தது எங்கள் கேணியில். அந்தக் கேணியின் ஆழம் தென்னைமர உயரம், அதை அவள் மூச்சு விடாமல் நூறு முறை கடந்தவள். தண்டவாளத்தில் போகிற கோச்சியிலும் வேகமாக ஓடுவாள். பாடினால் மாடு கறவையை நிறுத்திவிட்டுக் கேட்கும். இவை எல்லாம் புளியந்தறையில் நடந்தவை. கண்டல்குடாவில் அவளுக்கு என்ன நடந்தது? சோதி நடந்தார், அவ்வளவுதான்.

ஆரணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா அவ அங்கதானே மாமா இருந்தவ" என்றாள்.

ஆக, மனுஷன் இரண்டாம் தரமும் வந்து என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் தரமாவது மேளம் அடித்தார்கள்.

பிப்ரவரி 3, சனி

தமிழ் வானொலியில் ஒரு மணித்தியாலம் இதே கதை. அழைத்துப் பேசியவர்களில் ஒருவர், செத்தவர்களின் தொகையெல்லாம் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊதிப் பெருப்பித்தது என்றார். இன்னொருவர் அவரைத் துரோகி என்றார். கடைசியில் அறிவிப்பாளர், கண்டல்குடா போல ஒவ்வொரு ஊரும் செய்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்று முடித்தார். பெயரும் சொன்னார். திரு. அருட்சோதி.

இந்த அருட்சோதியின் மகிமைகளை எழுதி வைக்கிறேன், பின்னால் வருகிறவர்கள் அறியட்டும். அறுபது வயதில் தலைமயிர் கறுப்பு. மை பூசுவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, ஒரு நாளும் பிந்திப் போனதில்லை. கௌசிக்குப் பிறகு மறுமணம் செய்யவில்லை என்பதற்காக ஸ்காபரோவின் மூவாயிரம் மாமிமார் அவரைத் தெய்வமாகப் பார்க்கிறார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில். அந்த ஒரு சொல்லை எல்லாரும் நம்புகிறார்கள். நான் ஆயிரம் சொல் சொல்கிறேன், அத்தனையையும் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

கௌசி எப்படிச் செத்தாள் என்று ஒன்பது வருடத்தில் எனக்கும் ஒரு வசனம்தான் சொல்லியிருக்கிறார். பதுங்குகுழிப் பங்கருக்கு மேலே செல்குண்டு விழுந்தது, தான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன் என்று. எனக்கு ஒரு வசனம். அவருக்கு முழுவதும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வெற்றி. சரித்திரத்தில் இதற்கு நிகரான வெற்றி இல்லை.

கண்டல்குடாக் கணக்கின் பிரதி ஒன்றை ஆரணியிடம் கேட்டு வாங்கினேன், "படிச்சுத் திருந்தத்தான்" என்று. குசினி மேசையில் வைத்து எண்ணினேன். பத்மாவையும் எண்ண வைத்தேன். அடியில் மொத்தம் நாற்பத்து மூன்று என்று போட்டிருக்கிறது. பெயர்கள் நாற்பத்து இரண்டு.

ஒன்று அதிகம். ஒழுங்கின் திருவுருவம் ஒன்று கூட்டியிருக்கிறது.

பத்மா, "கை தவறியிருக்கும், அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கோவன்" என்றாள். கேட்கவா? வானொலியில் பெயர் சொன்ன மனுஷனைத் தொலைபேசியிலா கேட்பது? அடுத்த ஞாயிறு எல்லா ஊர்ச் சங்கங்களும் கூடுகின்றன.

கோட்டை உலர்சலவைக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோயில் நிலவறை மண்டபம். நான் எழும்பியபோது சனம் கடல் போல இருந்தது. (பத்மா: அறுபது கதிரை, அதிலும் பத்து வெறுமை.)

சபைக்கு வணக்கம் சொல்லி, எண்ணின் புனிதம் பற்றி இருபது நிமிடம் பேசினேன். ஒரு ஆளைக் கூட்டினாலும் பொய், ஒரு ஆளைக் குறைத்தாலும் பொய் என்றேன். இதை நான் சொல்கிறேனே என்று பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தேன். நாற்பத்து இரண்டு பெயர், நாற்பத்து மூன்று ஆள். மிச்ச ஆள் யார்?

ஆரணி தாள்களைப் புரட்டினாள். அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. நம்பிக்கையில் எண்ணாமல் விட்டிருக்கிறாள். "சோதி மாமா, இது கூட்டின பிழையா?"

சோதி எழும்பினார். வழமையான சாம்பல் நிற சுவெட்டர்.

"இல்லைப் பிள்ளை. நாப்பத்திமூண்டு சரி."

"அப்ப ஒரு பேர் விடுபட்டிருக்கு. ஆர் மாமா?"

அவர் ஆரணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பேர்தான் தோல்வி, அவருடைய தோல்வி. கைதட்டு வரும் என்று நின்றேன். ஒருவரும் தட்டவில்லை, வாயடைத்துப் போய்விட்டார்கள் போல.

பிப்ரவரி 12, திங்கள்

வெற்றி பெற்றவனுக்குப் பசிக்காது என்று நினைக்கிறேன். இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

காரியம் என் திட்டத்தைத் தாண்டி ஓடுகிறது.

ஊதிப் பெருப்பித்தது என்று வானொலியில் சொன்ன அந்த மனுஷன் முகநூலில் எழுதியிருக்கிறான்: 'இவர்கள் உத்தமமானது என்று காட்டிய கணக்கே பொய். ஒரு ஊரில் ஒன்று என்றால் மொத்தத்தில் எத்தனை என்று நீங்களே யோசியுங்கள்.' அதற்கு நானூறு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை, பத்மாவும் பார்த்தாள்.

ஆரணியின் குழு கண்டல்குடாவை முழுதாக நிறுத்தி வைத்திருக்கிறது. நாற்பத்து மூன்றாவது ஆள் யார் என்று உறுதிப்படாவிட்டால் அந்த ஊரே முதற் பதிப்பில் வராதாம். அதாவது கௌசியும் வரமாட்டாள். என் ஊரிலும் இல்லை, அவர் ஊரிலும் இல்லை.

இதை நான் யோசிக்கவில்லை.

கண்டல்குடாக்காரர் இரண்டு பேர் கடையில் மரக்கறிப் பக்கம் என்னைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். முருங்கைக்காய் ஒரு கட்டு ஆறு டொலர். அநியாயம்.

பிப்ரவரி 24, சனி

மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே குந்திவிட்டேன். அதன் ஒரு பக்கக் கால் முறிந்துவிட்டது. பத்மா வேறு கடைக்கு விடவில்லை. "அந்தாளிட்டைப் போங்கோ. கண்ணாடிக்கு எண்டு போங்கோ, வேறை ஒண்டுக்கும் வேண்டாம்." அவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

கடையில் வேறு ஆள் இல்லை. சோதி முறிந்த கண்ணாடியை வாங்கி, கதிரையைக் காட்டினார். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் உலகம் கஞ்சி. அவருடைய முகமும் கஞ்சியில்தான் இருந்தது. சின்னத் திருப்புளியால் திருகாணியைக் கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான்தான் தொடங்கினேன். கௌசியின் பெயரும் விடுபடப் போகிறது, கூட்டின பிழை என்று சொல்லி நாற்பத்து இரண்டாகக் குறைத்துவிடும், விஷயம் முடிந்துவிடும் என்றேன். பெருந்தன்மையோடுதான் சொன்னேன்.

"குறைக்கேலாது அத்தான்" என்றார். "ஆள் இருந்தது."

"அப்ப பேரைச் சொல்லுமன்."

"பேர் வைக்கேல்ல. முப்பத்தொண்டு வரேல்ல."

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, அன்றைக்குத்தான் பேர் வைப்பது. பங்கருக்குள்ளேயும் கௌசி அதை விடவில்லை. நாள் எண்ணிக்கொண்டிருந்தாளாம். பெண்பிள்ளை. பதினோராம் நாள் செல் விழுந்தது.

அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்ததே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தவர்கள்.

ஒன்பது வருடமாக எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் உரத்த குரலில் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடியை என் முகத்தில் மாட்டி, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலால் தடவி, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சொன்னார்.

"உங்களிட்டைச் சொன்னா அந்தப் பதினொரு நாள் ஒரு மாசமாகும். பிறகு பிள்ளை சிரிக்கும். பிறகு எழும்பி நடக்கும், மாமா எண்டு கூப்பிடும். எனக்கு அது பதினொரு நாளாவே இருக்கோணும் அத்தான். அவ்வளவுதான் என்னட்டை இருக்கு."

புதிய கண்ணாடிக்கால் இறுக்கமாக இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது. காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

பனி கரைகிறது. கராஜுக்குள் தண்ணீர். துடைத்தேன்.

நடந்திருந்தால் என்ன? மாமா என்று கூப்பிட்டிருந்தால்தான் என்ன? இப்போது ஒன்பது வயதாகியிருக்கும். என்னிடம் விட்டிருந்தால் நீச்சலும் படித்திருப்பாள். மனுஷன் பதினொரு நாளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கூடத் தாய்மாமனுக்குத் தரவில்லை. எனக்கு அவரில் இருக்கிற எரிச்சல் குறைந்துவிட்டது என்று பத்மா நினைக்கிறாள். குறையவில்லை. கூடியிருக்கிறது. முன்பு அவரிடம் கௌசி மட்டும்தான் இருந்தாள்.

மத்தியானம் வரைக்கும் பேர் யோசித்தேன். ராஜராஜேஸ்வரி. திரிபுவனசுந்தரி. வானதி. ஆரணியிடம் ஒன்றைக் கொடுத்தால் நாற்பத்து மூன்று பெயரும் சரியாகிவிடும். பத்மா, "வைக்காத பேரை இப்ப வைச்சா அது ஆரின்ரை பிள்ளை?" என்றாள்.

பெயர்களை வெட்டினேன். வானதி நல்ல பெயர்.

பிப்ரவரி 28, புதன்

சோதி ஆரணியிடம் போய்ச் சொல்லிவிட்டார். நான் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லி நாலு தரம் தொலைபேசியில் எடுத்தேன், அவ்வளவுதான்.

ஆரணி அழுதாளாம். ஆனால் விதியை விடவில்லை. பதிவும் பெயரும் இல்லாத ஆளுக்கு இரண்டு சாட்சி வேண்டும், இரண்டும் வேறு வேறு வீடு. அந்த நாட்களில் கண்டிருக்க வேண்டும், அல்லது நேரே கேட்டிருக்க வேண்டும். சோதி ஒன்று. பங்கரில் கூட இருந்தவர்கள் அந்த நாற்பத்து இரண்டுக்குள் இருக்கிறார்கள். பிரசவம் பார்த்த மனுஷியும் அதற்குள்தான். இரண்டாவது ஆள் இல்லை.

மார்ச் 3, சனி

காலையில் முகம் வழித்து, கோட்டுப் போடாமல், சாதாரணச் சேட்டோடு நூலகத்துக்குப் போனேன். ஆரணி அங்கேதான் சனிக்கிழமைகளில் இருப்பாள். சோதியும் இருந்தார், வேறு தாள் ஏதோ கொடுக்க வந்தவர்.

"இரண்டாவது சாட்சி நான்" என்றேன். சோதி நிமிர்ந்து பார்த்தார்.

ஆரணி பேனையை மூடினாள். "மாமா, குறை நினைக்காதேங்கோ. கூட்டாமச் சொல்லோணும்."

"கௌசி ஒருக்கா போன் எடுத்தவ. பின்னாலை குழந்தைப்பிள்ளை அழுதது. ஆரின்ரை எண்டு கேட்டன். என்ரை எண்டவ. லைன் கட்டாயிட்டுது. மண்டபத்திலை கேக்கேக்கை இதை அதோடை சேத்து யோசிக்கேல்லை."

"எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

ஒரு மணித்தியாலம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"கொஞ்சம்."

"பிள்ளைக்கு எத்தினை நாள் எண்டு சொன்னவவா?"

"இல்லை."

"வேறை ஏதும் ஞாபகம் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

அவள் எழுதினாள். வாசித்துக் காட்டினாள். நாலு வரிகூட இல்லை. கையெழுத்து வைத்தேன். இவ்வளவு காலமும் நான் பெரிதாகச் சொன்ன ஒன்றையும் ஒருவரும் நம்பியதில்லை. சின்னதாக ஒன்று சொன்னேன், அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்திவிட்டாள். சோதியின் வித்தை இதுதான் என்றால் நான் முப்பது வருடம் வீணாக்கியிருக்கிறேன்.

கண்டல்குடா நாற்பத்து மூன்று. கடைசி வரியில்: 'கௌசலாதேவி அருட்சோதியின் மகள், பதினொரு நாள்.'

வெளியில் வந்தோம். கார் நிறுத்துமிடத்தில் கரைந்த பனி சப்பாத்துக்குள் போனது. சோதி தன் காருக்குப் பக்கத்தில் நின்று திறப்புக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அந்த மாசம் எங்களிட்டைப் போனே இல்லை, அத்தான்."

"தெரியும்."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். சொன்ன பொய்யாவது சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

"அழுததெண்டு சொல்லிப்போட்டன். அழுறதோ?"

"அழுறது குறைவு." காரின் கூரையில் இருந்த ஈரத்தை விரலால் வழித்தார். "தும்மும். பங்கருக்கை தூசிதானே. ரெண்டு ரெண்டாத் தும்மும்."

"எப்பிடி?"

அறுபது வயது மனுஷன், சாம்பல் நிற சுவெட்டர், ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவர், சனிக்கிழமை பட்டப்பகலில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூக்கைச் சுருக்கி, தும்மிக் காட்டினார். இரண்டு தரம். மிகச் சின்னது. பூனைக்குட்டியினுடையதைவிடச் சின்னது.

இன்னொருக்கால் காட்டும் என்றேன். காட்டினார்.